30 மீட்டர் வாட்சுக்குள் ஆவி படிந்தால்

நண்பரே, 30 மீட்டர் என்று போட்ட வாட்சோடு கிணற்றில் நீந்தியதும் கண்ணாடிக்குள் ஆவி படிந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அந்த 30 மீட்டர் நீங்கள் இறங்கக்கூடிய ஆழம் இல்லை. 3 பார் அழுத்தத்துக்கான சோதனை அளவு. கை கழுவினால், தூறலில் நனைந்தால் தாங்கும், அவ்வளவுதான்.

வெயிலில் காயவைக்காதீர்கள். இன்றே வாட்ச் கடையில் பின்மூடியைத் திறந்து உலர்த்தி, ரப்பர் வளையத்தையும் மாற்றச் சொல்லுங்கள். ஈரம் தங்கினால் உள்ளே துரு ஏறிவிடும். பேட்டரி மாற்றும்போது அந்த வளையத்தைப் பலர் கவனிப்பதே இல்லை, பக்கத்தில் நின்று கேளுங்கள்.

அப்புறம், தொடர்ந்து நீந்துவீர்கள் என்றால் 100 மீட்டர் வாட்ச்தான் சரி. கேசியோ எம்ஆர்டபிள்யூ-200எச் அதிக விலை இல்லை, நன்றாக உழைக்கும். தண்ணீருக்குள் இருக்கும்போது, நேரத்தைத் திருத்த வாட்சின் பக்கத்தில் இருக்கும் சாவியை மட்டும் இழுக்காதீர்கள்.