வாசகர் கேள்வி பதில்: ட்ராக் லைட் பூட்டுவதற்கு முன்

திருகோணமலைப் பக்கத்திலிருந்து இம்முறை வந்த கேள்விகளில் ஐந்து, ட்ராக் லைட் பற்றியவை; அதாவது, சீலிங்கில் பூட்டிய மின் தண்டவாளத்தில் (ட்ராக்கில்) வேண்டிய இடத்தில் செருகித் திருப்பிக்கொள்ளும் லைட். ஐந்துக்கும் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

உவர்மலையிலிருந்து ஒரு வாசகி: எங்கள் ஹோல் 16 அடி நீளம், 12 அடி அகலம், சீலிங் 10 அடி உயரம். நீளச் சுவரில் குடும்பப் படங்கள் மாட்டியிருக்கிறோம். ஆறு ட்ராக் லைட் வாங்கியாயிற்று. ட்ராக் எது வாங்குவது, எங்கே பூட்டுவது?

ட்ராக்கைத் தீர்மானித்த பிறகே லைட் வாங்க வேண்டும். பலர் லைட்டின் அழகைப் பார்த்து வாங்கிவிட்டு, பிறகுதான் ட்ராக் தேடுகிறார்கள். கடைகளில் 2 வயர், 3 வயர், 4 வயர் என்று ட்ராக் வகைகள் உண்டு. ஒன்றின் லைட் மற்றதில் சரியாக உட்காராது. ஆகவே வாங்கிய லைட்டில் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே ட்ராக்கில் செருகித் திருப்பிப் பாருங்கள். 2 வயர் வகையில் லைவ், நியூட்ரல் மட்டும்தான் இருக்கும். லைட்டின் உடல் உலோகமாக இருந்தால் எர்த் தொடுப்பும் உள்ள 3 வயர் வகையே எங்கள் தேர்வு. இன்னும் மாற்றித் தருவார்கள் என்றால் தயங்காமல் மாற்றுங்கள். 4 வயர் வகையில் ஒரே ட்ராக்கில் உள்ள லைட்டுகளை மூன்று சுவிட்சுகளுக்குப் பிரித்துக்கொள்ளலாம். உங்கள் ஹோலுக்கு அவ்வளவு தேவையில்லை.

இனி இடம். வெளிச்சம் நிலைக்குத்திலிருந்து ஏறத்தாழ 30 பாகை சாய்ந்து படத்தின் நடுவில் விழ வேண்டும். லைட்டின் வாய் தரையிலிருந்து 9½ அடியில் வரும், படத்தின் நடு 5¼ அடியில் இருக்கும் என்று வைப்போம். வித்தியாசம் 51 அங்குலம். அதை 30 பாகைச் சாய்வுக்குரிய 0.58 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 30 அங்குலம். சுவரிலிருந்து அந்தத் தூரத்தில் ட்ராக் ஓடட்டும். சுவருக்கு நெருக்கினால் சட்டத்தின் நிழல் படத்தின் மேல் விழும், பூச்சின் மேடுபள்ளம் எல்லாம் தெரியும். தள்ளி வைத்தால் கண்ணாடியில் லைட் தெறித்துக் கண் கூசும், படம் பார்ப்பவரின் நிழலும் சுவரில் விழும்.

லைட்டின் பெட்டியில் உள்ள பாகை, வெளிச்சம் விரியும் கோணம். இந்தத் தூரத்தில் 24 பாகை லைட் சுமார் 2 அடி அகல வட்டம் தரும், 36 பாகை லைட் 3 அடிக்குச் சற்று மேல். தனிப் படத்துக்கு 24, கூட்டமாக மாட்டியிருந்தால் 36.

ஃபேனை மறக்காதீர்கள். லைட்டுக்கும் வெளிச்சம் விழும் இடத்துக்கும் நடுவில் ஃபேன் இறக்கை சுழன்றால் அறை முழுவதும் வெட்டி வெட்டி மின்னும், அரை மணி நேரம் இருக்க முடியாது. ஹோலின் நடுவில் 56 அங்குல ஃபேன் என்றால் இறக்கை முனை சுவரிலிருந்து 44 அங்குலத்தில் நிற்கும். 30 அங்குலத்தில் ஓடும் ட்ராக், சுவரை நோக்கித் திருப்பிய லைட்டுகளோடு, அதற்குத் தப்பிவிடும்.

மத்திய வீதியிலிருந்து ஒரு சேலைக் கடைக்காரர்: கடைக்குள் பார்த்த நிறம் வெளியில் வேறாக இருக்கிறது என்று வாடிக்கையாளர் சேலையை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். 18 அடி ராக்கைச் சுவருக்கு எத்தனை லைட் வேண்டும்?

அவர்கள் வாசலுக்குப் போவதில் தப்பில்லை, உங்கள் லைட்டில்தான் குறை. வாட்ஸைப் பார்த்து லைட் வாங்குவது கடைக்காரர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. பெட்டியில் சீ.ஆர்.ஐ. என்ற எண்ணைத் தேடுங்கள்; லைட் நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதை அது சொல்லும். துணிக்கு 90 அல்லது அதற்கு மேல் வேண்டும். மலிவு லைட்டுகளில் 80 அல்லது அதற்கும் கீழே இருக்கும். அதிலும் சிவப்பைக் காட்டும் ஆர்9 அளவு குறைந்திருந்தால் குங்குமச் சிவப்பும் அரக்கும் ஒன்றுபோலத் தெரியும். கூறைச்சேலை விற்கும் கடைக்கு இது நேரடி நட்டம். நிறவெப்பம், அதாவது வெளிச்சம் மஞ்சள் சாயலா நீலச் சாயலா என்று காட்டும் எண், 4000 கெல்வின் எடுங்கள். 6500 'டேலைட்' சரிகையை வெளிற வைக்கும். 3000 'வோர்ம் வைட்' பொன்னகைக்கு அழகு, ஆனால் வெள்ளைத் துணியில் மஞ்சள் ஏற்றும்.

3 அடிக்கு ஒன்றாக 15 வாட்ஸ், 36 பாகை லைட் ஆறு போதும். ஆறும் சேர்த்து 90 வாட்ஸ், 230 வோல்ட்டில் 0.4 அம்பியர்தான். லைட்டுக்கு வழக்கமாக இழுக்கும் 1/1.13 வயரே தாராளம். ஆனால் கடை முழுவதும் இருபது முப்பது லைட்டை ஒரே சுவிட்சில் போட்டால், போடும் கணத்தில் டிரைவர்கள் (லைட்டுகளுக்கு மின்னைச் சீராக்கிக் கொடுக்கும் கருவிகள்) எல்லாம் ஒன்றாக இழுக்கும் மின்னோட்டத்தில் 6 அம்பியர் எம்.சீ.பீ. பிரேக்கர் விழக்கூடும். பிரேக்கர் கெட்டுவிட்டது என்று மாற்ற ஓடாமல், லைட்டுகளை இரண்டு மூன்று சுவிட்சுகளுக்குப் பிரியுங்கள்.

நிலாவெளியிலிருந்து ஒரு விடுதி உரிமையாளர்: கடலைப் பார்த்த திறந்த சாப்பாட்டு மண்டபத்தில் ட்ராக் லைட் பூட்டி ஒரு வருடம் ஆகவில்லை. லைட்டுகள் விட்டு விட்டு எரிகின்றன. மழை இரவுகளில் டிரிப் சுவிட்ச் விழுகிறது.

ஐ.பி. எண், தூசும் தண்ணீரும் புகாமல் தடுக்கும் அளவைச் சொல்வது. சாதாரண ட்ராக் ஐ.பி. 20 தரத்தது. விரல் நுழையாமல் தடுக்கும், தண்ணீருக்கும் ஈரத்துக்கும் எந்தத் தடுப்பும் கிடையாது. அதன் வாய் நீளம் முழுவதும் திறந்தே இருக்கிறது. உப்புக்காற்று அதற்குள் போய் மெல்லிய படலமாகப் படிகிறது. பகலில் காய்ந்திருக்கும் உப்பு இரவின் ஈரத்தை உறிஞ்சியதும் லைவிலிருந்து எர்த்துக்கு மின் கசிகிறது. 30 மில்லி அம்பியர் டிரிப் சுவிட்ச் 15க்கு மேல் போனாலே விழக்கூடும். அது விழுவது உங்களைக் காப்பாற்றத்தான். அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைக்க யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

விட்டு விட்டு எரிவதற்குக் காரணத்தைக் கண்ணால் பார்க்கலாம். மெயினை அணைத்து, டெஸ்டரால் சோதித்துவிட்டு ஒரு லைட்டைக் கழற்றுங்கள். ட்ராக்கில் செருகும் அடாப்டரின் பக்கத்தில் நகத்தளவு செப்பு நாக்குகள் இருக்கும். ஓரம் பச்சை பூத்திருந்தால் உப்பு. நடுவில் ஊசி குத்தியது போலக் கறுப்புப் புள்ளி இருந்தால், தொடுப்பு தளர்ந்து பொறி பறந்திருக்கிறது. பச்சையைக் கொன்டாக்ட் கிளீனரால் துடைத்து எடுக்கலாம். கறுத்துக் குழி விழுந்த அடாப்டரைத் தூக்கி எறியுங்கள், அரத்தால் தேய்த்துத் திரும்பப் போட்டால் இன்னும் சூடேறும்.

உங்களுக்கு எங்கள் தீர்ப்பு: அந்த மண்டபத்துக்கு ட்ராக் வேண்டாம். ஐ.பி. 65 தர நிலையான ஸ்பொட் லைட் போடுங்கள். கதவு, ஜன்னல் உள்ள வரவேற்பறைக்கு ட்ராக்கை மாற்றலாம். அங்கேயும் வாடைக்காற்று தொடங்குமுன், செப்டம்பரில், ஒருமுறை எல்லா லைட்டையும் கழற்றித் துடையுங்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகர்: இரண்டு ட்ராக்கை 'எல்' இணைப்பால் சேர்த்தோம். ஒன்றை வெட்டியும் இருக்கிறோம். இரண்டாவது எரியவே இல்லை.

ட்ராக்கின் ஒரு ஓரத்தில் நெடுக ஒரு வரிப்பள்ளம் ஓடும். இரண்டு துண்டிலும் அது ஒரே வரிசையில் தொடர வேண்டும். 'எல்' இணைப்பில் இடது, வலது என இரண்டு வகை உண்டு. மாறி வாங்கியிருந்தால் அந்த வரிசை பொருந்தாது. அமுக்கி ஏற்றினாலும் செம்பு தொடாது, அல்லது எர்த் இருக்கவேண்டிய இடத்தில் வேறு தொடும். முதலில் அதைப் பாருங்கள். அடுத்து இணைப்புக்குள் இருக்கும் சின்னத் திருகாணிகள் இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

வெட்டிய முனையும் சந்தேகத்துக்குரியது. வாளால் அறுக்கும்போது செம்பு வளைந்து அலுமினியத்தைத் தொட்டுவிடும், அலுமினியத் தூளும் உள்ளே தங்கும். சிறு அரத்தால் பிசிறை எடுத்து, முனையைக் கீழே பிடித்துத் தட்டி, செம்பை விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி, மூடியைப் போடுங்கள். மின் கொடுக்குமுன் மல்டிமீட்டரில் லைவுக்கும் ட்ராக்கின் உடலுக்கும் இடையே தொடர்பு இல்லை என்று உறுதிப்படுத்துங்கள். மின் வரும் முனை ஒன்றே ஒன்றுதான். இரண்டாவது துண்டுக்குத் தனி வயர் கொடுத்துச் சமாளிக்க வேண்டாம்.

தம்பலகாமத்திலிருந்து ஒரு வாசகி: எங்கள் சீலிங் அஸ்பெஸ்டஸ் தகடு. அதில் துளைத்துப் பூட்டலாமா?

வேண்டாம். துளைக்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்குக் கேடு, தகடும் பாரம் தாங்காது. கீழே தெரியும் மரச் சட்டம் இருந்தால் ட்ராக்கை அதன் நெடுக்கில் பூட்டுங்கள். இல்லையென்றால் சுவரிலேயே பூட்டலாம். 2 மீற்றர் ட்ராக்குக்கு நான்கு திருகாணி, முனையிலிருந்து முதலாவது 6 அங்குலத்துக்குள். சுவரென்றால் 6 மில்லிமீற்றர் துளை, ரோல் பிளக், ஒன்றரை அங்குலத் திருகாணி. வயரைக் கேசிங்குக்குள் இறக்கி சுவிட்சுக்குக் கொண்டுவரலாம். வீட்டு வயரிங் பழையதென்றால் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். புதிய வயரில் மண்ணிறம் லைவ், நீலம் நியூட்ரல். இரண்டும் சந்திக்கும் இடத்தில் நிறத்தை நம்பாமல் டெஸ்டரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.