பார்வைக் குறைபாடுள்ள வீரருடன் ஓடும் வழிகாட்டிக்கும் பதக்கம் உண்டா?

உண்டு, பாராலிம்பிக்கில் கொடுக்கிறார்கள். 2024 பாரிஸில் 200 மீட்டர் ஓட்டத்தில், பார்வைக் குறைபாடுள்ளவர்களுக்கான டி12 பிரிவில் இந்திய வீராங்கனை சிம்ரன் ஷர்மா வெண்கலம் வென்றபோது, அவரோடு கயிற்றால் இணைந்து ஓடிய அபய் சிங்குக்கும் பதக்கம் கிடைத்தது. அதுதான் நியாயம். வழிகாட்டி சும்மா கூட ஓடுகிறவர் இல்லை. காலடி, கைவீச்சு எல்லாம் வீரரோடு பொருந்த வேண்டும். வளைவு எங்கே, எல்லைக்கோடு எவ்வளவு தூரம் என்று ஓடிக்கொண்டே சொல்ல வேண்டும். இழுக்கக் கூடாது. வீரருக்கு முன்னால் கோட்டைத் தாண்டினால் தகுதிநீக்கம்தான்.

பயிற்சியாளர்களுக்கு நம் நாட்டில் துரோணாச்சார்யா விருது இருக்கிறது. 2024க்கான விருதைப் பெற்றவர்களில் பாரா துப்பாக்கிச் சுடுதல் பயிற்சியாளர் சுபாஷ் ராணாவும் ஒருவர்.

அப்புறம், நீச்சலில் பார்வையற்ற வீரர்களுக்குச் சுவர் நெருங்குவதை மென்மையான முனையுள்ள கோலால் தட்டிச் சொல்கிறவர்கள். இவர்களைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. உள்ளூர்ப் போட்டிகளிலாவது இவர்கள் பெயரை மேடையில் வாசிக்கலாமே!