மேட்டூர் அணையில் நீர்மட்டம் ஏறி இறங்குவதால் கரைக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகிறது?

மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. பாசனத்துக்குத் திறந்து மட்டம் நன்றாக இறங்கினால், அணையின் நீர்த்தேக்கப் பகுதியான பண்ணவாடியில் மூழ்கிக் கிடந்த நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும். எல்லோரும் அதைத்தான் படம் பிடிக்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது கரையை.

நீர் ஏறி இறங்கும் அந்தக் கரையோரப் பட்டையில் நீர்த்தாவரமும் நிலைக்காது, நிலத்துச் செடியும் நிலைக்காது. வேர்ப்பிடிப்பு இல்லாத மண்ணை அலை அரித்துக் கலக்கிவிடும். காய்ந்த வண்டலில் பயிரும் வைக்கிறார்கள். மீண்டும் நீர் ஏறும்போது அறுவடைக் கழிவும் போட்ட உரமும் அப்படியே மூழ்கும். கழிவு அழுக, நீரில் ஆக்சிஜன் குறையும். உரத்திலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசிக்குத் தீனி. தண்ணீர் தேங்கி வெயிலும் சேர்ந்தால், கரையோரம் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் படலம் மிதக்கும்; நாற்றம் மூக்கைத் துளைக்கும்.