ஒரே ‘குளோவ்’, எத்தனை பொருள்!

கேள்வி: ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் வரும் ‘குளோவ்’ கிராம்பா, பூண்டுப் பல்லா?
– வாசகி, தென்காசி

பதில்: இரண்டும்தான். எழுத்தும் ஒலிப்பும் ஒன்றானாலும் பிறந்த வீடு வேறு. பூண்டுக்கான குளோவ் பழைய ஆங்கிலச் சொல். பிளத்தலைக் குறிக்கும் ‘கிளீவ்’ என்ற வினைக்கு உறவு. கிராம்புக்கான குளோவ், லத்தீனில் ஆணியைக் குறிக்கும் ‘கிளாவுஸ்’ என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. கிராம்பு காயவைத்த பூமொட்டு. தலையும் தண்டுமாக அசல் ஆணி போலவே இருக்கும். ஜெர்மானியர் சொல்லும் ‘நெல்க்கெ’யும் சிற்றாணிதான்.

குறிப்பில் ‘கார்லிக்’ என்ற சொல் பக்கத்தில் இருந்தாலோ, நசுக்கு, பொடியாக நறுக்கு என்றிருந்தாலோ பூண்டு. ‘ஹோல்’ (முழுசாக) என்றோ ‘கிரவுண்ட்’ (பொடித்தது) என்றோ இருந்தால் பெரும்பாலும் கிராம்பு. 6 பல் பூண்டு போட வேண்டிய குழம்பில் 6 கிராம்பு விழுந்தால் அதிலுள்ள ‘யூஜினால்’ என்ற காரமான எண்ணெய்ப்பொருள் நாக்கை மரக்கச் செய்துவிடும். பிறகு எதைச் சேர்த்தாலும் தேறாது. இன்னொன்று: ‘ஹெட்’ என்றால் முழுப் பூண்டு, அதில் பத்துப் பல்லுக்கு மேலும் இருக்கும்.

நம்மிடமும் இந்தக் கூத்து உண்டு. லவங்கம் என்றால் கிராம்பு. இலவங்கப்பட்டையோ கிராம்பு மரத்தின் பட்டையே அல்ல!

கேள்வி: சாரணர் வகுப்பில் கற்ற ‘குளோவ் ஹிட்ச்’ முடிச்சுக்கும் கிராம்புக்கும் என்ன தொடர்பு? எனக்கு அது அவிழ்ந்துகொண்டே இருக்கிறது.
– வாசகர், ஓசூர்

பதில்: கிராம்போடு தொடர்பில்லை. இந்தக் குளோவ், ‘கிளீவ்’ வினையின் பழைய இறந்தகால வடிவம். முடிச்சைப் பின்புறமிருந்து பார்த்தால் கயிறு பிளந்ததுபோல இரண்டு இணைகோடுகளாகத் தெரியும்.

கம்பத்தை ஒருமுறை சுற்றி, முனையை அந்தச் சுற்றின் மேல் குறுக்காகக் கொண்டுபோய் மறுபடி சுற்றுங்கள். பிறகு முனையைக் குறுக்குக் கயிற்றுக்கு அடியில் நுழைத்து இழுங்கள். குறுக்கே போட மறந்தால் முடிச்சே விழாது. சதுரக் கம்பத்திலும், கம்பமோ கயிற்றின் இழுப்போ ஆடிக்கொண்டிருந்தாலும் நழுவும். மிச்ச முனையை ஒரு சாண் விட்டு, தலைக்கயிற்றில் (இழுப்பைத் தாங்கும் பக்கத்துக் கயிற்றில்) இரண்டு அரைமுடிச்சு போட்டால் நிற்கும்.

கேள்வி: பாலாடைக்கட்டி ‘ஒரு குளோவ்’ என்று பழைய ஆங்கில நூலில் படித்தேன். அச்சுப்பிழையா?
– வாசகர், காரைக்கால்

பதில்: பிழையில்லை. கம்பளிக்கும் பாலாடைக்கட்டிக்கும் இங்கிலாந்தில் புழங்கிய எடை அது; 7 அல்லது 8 பவுண்டு. இதுவும் ‘கிளாவுஸ்’ வழி வந்ததுதான்.