உம்பிரியா கிராமத்தில் நாங்கள் இருவர்

கேள்வி: கணவரும் நானும் இத்தாலியில் ஒரு கிராமத்தில் குடியேறப் போகிறோம். எதற்குத் தயாராக வேண்டும்?
– வாசகி, கோவை

பதில்: நாங்கள் இருப்பது இத்தாலியின் நடுவே உள்ள உம்பிரியா பகுதியில். வந்து இறங்கிய 8 வேலைநாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அப்புறம் மின்சாரம். வீடுகளுக்குப் பெரும்பாலும் 3 கிலோவாட் இணைப்புதான்; வாஷிங் மெஷினும் ஓவனும் சேர்ந்து ஓடினால் மெயின் ட்ரிப் ஆகிவிடும். முதல் குளிர்காலத்தில் டார்ச்சோடு எத்தனை இரவு மீட்டர் பெட்டிக்கு ஓடினோம்! மதியம் ஒரு மணிக்குக் கடையை மூடினால், மாலைதான் திறப்பார்கள்.

மொழி தெரியாதே என்று தயங்காதீர்கள். அக்டோபர் கடைசியில் பக்கத்துத் தோட்டத்துக்கு ஆலிவ் பறிக்க இருவருமே போங்கள். மரத்தடியில் வலை விரித்து, கிளைகளைத் தலைவாருவது போல வாரி வாரிக் காய்களை உதிர்ப்போம். செக்கிலிருந்து வந்த புது எண்ணெயைச் சுட்ட ரொட்டியில் ஊற்றித் தருவார்கள். தொண்டையில் மிளகு போல உறைக்கும். எனக்கு இத்தாலி மொழி வந்தது அந்த வலையருகேதான்.