அம்மாவுக்குக் கடிதம் எழுதுவது நோயா?

கேள்வி: எனக்கு 43 வயது. கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அம்மா இறந்து ஐந்து மாதம் ஆகிறது. ஊரில் எந்த எழவு வீடானாலும் ஒப்பாரிக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் பாடியது ஒன்று என் செல்போனில் இருக்கிறது. தினமும் படுக்கும்போது அதைக் கேட்டு அழுதுவிட்டு, ஒரு நோட்டில் அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிறேன். 'ஒரு நாள் முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்' என்றே பக்கம் பக்கமாக வருகிறது. பகலில் பட்டறை வேலை ஓடுகிறது. 'ஆம்பள இப்படி அழலாமா, டாக்டரைப் பாருங்க' என்கிறாள் மனைவி. மாத்திரை வேண்டுமா?

பதில்: பெற்றவளுக்காக ஐந்தாவது மாதத்திலும் அழுவதற்கு மாத்திரை வேண்டாம்.

ஊருக்கெல்லாம் ஒப்பாரி வைத்தவருக்கு யார் ஒப்பாரி வைத்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. படித்ததும் எனக்கு அதுதான் தோன்றியது. நகரத்தில் ஃப்ரீசர் பெட்டி வரும், மின்மயானத்தில் நேரம் கொடுப்பார்கள், சாயங்காலத்துக்குள் வீடு கழுவி முடிந்துவிடும். ஊரில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, 'என்னப் பெத்த அம்மா' என்று இறந்தவரிடமே பேசுவார்கள். கோபித்துக்கொள்வார்கள், பழைய கதையெல்லாம் சொல்வார்கள். ஆண்பிள்ளைக்கு அந்த வட்டத்தில் இடம் கிடையாது. கொள்ளி வைப்பதோடு சரி. நீங்கள் பாட வேண்டியதை நோட்டில் எழுதுகிறீர்கள்.

1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை, மனதை உலுக்கிய சம்பவத்தைப் பற்றி நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்ததும் மனம் இன்னும் கனத்தது. ஆனால் நடந்ததையும் பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் மருத்துவரிடம் போனது மற்றவர்களைவிடக் குறைவு. சாவுத் துக்கத்தில் எல்லோருக்கும் இது பலிப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஆறுதலாக இருக்கும்வரை எழுதுங்கள்.

என்னை உறுத்துவது அந்த ஒரே வாக்கியம். சுற்றிச் சுற்றி அதையே எழுதினால் புண் ஆறாது. ஒருநாள் உட்கார்ந்து, அந்த நாளைக் காலையிலிருந்து எழுதுங்கள்: அம்மா என்ன சாப்பிட்டார், என்ன சொன்னார், அப்போது உங்களுக்கு என்ன தெரியும். பிறகு அவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவரை நேரில் கண்டு, 'முந்தின நாளே வந்திருந்தால் மாறியிருக்குமா?' என்று கேளுங்கள். என்னிடம் இப்படிக் கேட்டு வருபவர்களுக்குக் கேஸ் ஷீட்டை எடுத்து வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். தயங்காதீர்கள்.

பாட்டைப் படுக்கையில் கேட்க வேண்டாம், தூக்கம் கெடும். சாயங்காலம், மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அக்கா தங்கை இருந்தால் சேர்ந்து பாடுங்கள், குரல் உடைந்தாலும் பரவாயில்லை.

சாப்பாடு இறங்காமல் உடம்பு இளைத்தால், பட்டறைக்கே போக முடியாமல் போனால், வருடம் திரும்பியும் வேதனை இதே வேகத்தில் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அம்மாவிடமே போய்விடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே மனைவியிடம் சொல்லிவிட்டு 14416க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது; கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

உங்கள் மனைவி பயந்துபோயிருக்கிறார். நோட்டில் ஒரு பக்கத்தையாவது அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.