மனித ஆற்றல் வாகனப் போட்டியில் வேகமான வண்டிதான் ஜெயிக்குமா?

மிதித்து மனித பலத்தால் ஓட்டும் வண்டிகளின் இந்தப் போட்டியில் வேகம் மட்டும் போதாது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ. மாணவர்களுக்கு நடத்திவந்த போட்டியையே பாருங்கள். வடிவமைப்பு அறிக்கை, குறுந்தூர ஓட்டம், ஆள் மாற்றி ஆள் ஓட்டும் நெடுநேர ஓட்டம் என எல்லாவற்றுக்கும் தனித்தனி மதிப்பெண் இருந்தது.

பந்தயத்துக்கு முன்பே பாதுகாப்புச் சோதனை. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் வந்து 6 மீட்டருக்குள் நிற்க வேண்டியிருந்தது. கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பார் கட்டாயம்; அதன் உச்சியில் 2,670 நியூட்டன், பக்கவாட்டில் 1,330 நியூட்டன் விசையைத் தாங்கும் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

பெரும்பாலான அணிகள் சாய்ந்து அமர்ந்து மிதிக்கும் ரிகம்பன்ட் வகைக்குப் போவதற்குக் காரணம் காற்றுத்தடை. அதை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும்: வேகம் இரண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்கு. எந்தக் காலும் அதற்கு ஈடுகொடுக்காது. எனவே வண்டியைச் சுற்றி வழவழப்பான கூடு கட்டுகிறார்கள். கூடு நேர்ப்பாதையில் வேகத்தை அள்ளிக்கொடுக்கும். வளைவும் வேகத்தடையும் வந்தால் அதன் எடை இழுக்கும், ஓட்டுபவர் உள்ளே வெந்துபோவார், பக்கக்காற்று தள்ளும்.

என் கணிப்பில், முதன்முறை இறங்கும் அணி கூட்டைவிடச் சங்கிலிக்கே அதிக நேரம் கொடுக்கலாம். ரிகம்பன்டில் சங்கிலி மிக நீளம்; அதை வழிநடத்தும் சிறு சக்கரம் சற்றே கோணலாக இருந்தாலும் பாதி ஓட்டத்தில் கழன்றுவிடும்.